தேடல் பெட்டி காலியாக வந்தால் நிரல் என்ன செய்ய வேண்டும்?

மன்னார்குடி, கும்பகோணம், திருவாரூர் பக்கத்து விதைக்கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிக் கொடுப்பவர்கள் எல்லோரும் ஒரு முடிவைத் தள்ளிப்போட்டே வருகிறோம். ஊர், ரகம், பருவம் என்று மூன்று பெட்டிகள் வைக்கிறோம். அதில் தட்டுவது அப்படியே ரெகெக்ஸாகி, அதாவது எழுத்துகளில் எது பொருந்துகிறது என்று தேடும் வடிவமாகி, பதிவேட்டின்மேல் ஓடுகிறது. ஒன்றுமே தட்டாமல் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை, நிரல் எழுதும் மொழி தீர்மானித்துவிடுகிறது. அதுவும் மொழிக்கு மொழி வேறு மாதிரி.

இருப்பவை நான்கு நடத்தைகள். வாய்க்கால் தலைப்பில் மதகு பார்க்கும் லஸ்கரிடம் ஒரு சீட்டு வருகிறது, ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்ற இடம் மட்டும் வெற்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய அளவே இன்றைக்கும் என்று எடுத்துக்கொள்வார் ஒருவர். தடை எதுவும் எழுதவில்லையே என்று முழுக்கத் திறந்துவிடுவார் இன்னொருவர். உத்தரவு இல்லாமல் தொடமாட்டேன் என்று அடைத்தே வைப்பார் மூன்றாமவர். நான்காமவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார். நிரல்மொழிகளில் பெர்ல் முதல் ஆள். பைத்தானும் ரூபியும் பெரும்பாலும் இரண்டாம் ஆள். வரிகளைத் தேடி எடுக்கும் கட்டளையான கிரெப் சில நேரம் மூன்றாம் ஆள். நான்காமவர் அரிது, பெரும்பாலும் அவரை நாமே நியமிக்க வேண்டியிருக்கிறது.

பழைய வடிவத்தையே மறுபடி எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதிகச் சேதம் அதில்தான். கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய எட் என்ற உரைத்திருத்தி, திரை இல்லாமல் காகிதத்தில் அடிக்கும் டெலிடைப் காலத்தைச் சேர்ந்தது. ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, அதையே அடுத்த இடத்தில் தேட // என்று இரண்டு கோடு போட்டால் போதும் என்று வைத்தார்கள். வரி வரியாகத் திருத்தும் செட் கட்டளை அதை வாங்கிக்கொண்டது. விம் திருத்தியில் இன்றும் இருக்கிறது. செட்டில் ஒரு வரியை /கும்பகோணம்/ என்று தேர்ந்தெடுத்து, மாற்றும் கட்டளையில் தேடும் இடத்தைக் காலியாக விட்டு, மாற்று இடத்தில் குடந்தை என்று எழுதினால் வேலை முடிந்தது. ஊர்ப்பெயரை இரண்டு முறை தட்ட வேண்டாம். கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கும்வரை இது நல்ல வசதிதான்.

1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் இதே பரம்பரை. ஆனால் ஒரு திருத்தம் உண்டு. செட்டில் காலி வடிவம் என்றால் கடைசியாகப் பயன்பட்ட வடிவம். பெர்லில் கடைசியாக வெற்றிகரமாகப் பொருந்திய வடிவம். அதற்கு முன் எதுவும் வெற்றி பெறவில்லை என்றால் மட்டும் அது உண்மையான காலி வடிவமாக நடந்துகொண்டு எல்லாவற்றோடும் பொருந்தும். எந்த எச்சரிக்கையும் வராது. // என்று கையால் எழுதினால் மட்டுமல்ல, /$தேடல்/ என்று ஒரு மாறியை, அதாவது பயனர் தட்டியதை ஏந்தும் பெயரை, எழுதி அது காலியாக வந்தாலும் இதே கதைதான்.

இதை ஒரு பதிவில் வைத்துப் பார்ப்போம். பருவம்: குறுவை. ஊர்: நீடாமங்கலம். ரகம்: ஆடுதுறை 43. அளவு: 62 மூட்டை. நிரல் முதலில் பருவப் புலத்தை /குறுவை/ என்று சோதிக்கிறது. பொருந்தினால் உள்ளே போய் ஊர்ப் புலத்தை /$தேடல்/ என்று சோதிக்கிறது. கடைக்காரர் ஊர்ப் பெட்டியில் ஒன்றும் தட்டவில்லை. இப்போது பெர்ல் நீடாமங்கலம் என்ற சொல்லுக்குள் குறுவையைத் தேடுகிறது. வடுவூருக்குள் தேடுகிறது. கோட்டூருக்குள் தேடுகிறது. குறுவை என்று ஊர்ப்பெயரில் எங்கே இருக்கும்? பட்டியல் வெறுமையாக வந்து நிற்கிறது.

இரண்டு சோதனைகளையும் தனித்தனிப் புலத்தில் செய்யாமல் முழு வரியின்மேல் செய்திருந்தால் என்ன ஆகும்? வரியில் குறுவை என்ற சொல் இருப்பதால் காலித் தேடலும் பொருந்திவிடும். எல்லாக் குறுவைப் பதிவுகளும் வரும். நிரல் சரியாக வேலை செய்வதாகத் தோன்றும். பருவச் சோதனையையே திருப்பிப் போட்டு, சம்பா என்றால் தாண்டிப் போ என்று எழுதியிருந்தாலோ, தாண்டாத வரிகளில் வெற்றி பெற்ற வடிவம் எதுவும் இருக்காது. அப்போதும் எல்லாம் பொருந்தும். காலித் தேடல் ஒன்றுதான். அதற்கு மேலே உள்ள வரியை எப்படி எழுதினோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. தவறே செய்யாத வரியைத் திருத்தப் போய் வேறொரு வரியின் விடை மாறும் என்றால், அப்படிப்பட்ட இடத்தில் சோதனை ஓட்டம் எத்தனை நடத்தினாலும் நம்பிக்கை வராது.

தேடுவதோடு நின்றால் பரவாயில்லை. நீக்கும் இடத்தில் இதன் முகம் வேறு. பதிவில் அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று [0-9]+ வைத்துச் சோதித்துவிட்டு, அடுத்த வரியில் பயனர் கொடுத்த வேண்டாத சொல்லை நீக்க $நீக்கு என்ற மாறியை வைத்து மாற்றும் கட்டளை ஓட்டுகிறோம். மாறி காலி. பெர்ல் கடைசியாக வென்ற வடிவத்தை, அதாவது எண்களை, எடுத்து வரி முழுவதிலும் துடைத்துவிடும். 62 மூட்டை வெறும் மூட்டை ஆகும். ஆடுதுறை 43 வெறும் ஆடுதுறை ஆகும். ஆடுதுறை 36, 43, 45 மூன்றும் பதிவேட்டில் ஒரே ரகமாகிவிட்ட பிறகு, எந்தச் சாக்கு எது என்று விதைக்கடையில் யாரிடம் போய்க் கேட்பது?

சிறப்புக் குறிகளைச் சாதாரண எழுத்தாக்கும் குவோட்மெட்டா வைத்துப் பயனர் தட்டியதைப் பாதுகாத்துவிட்டோமே என்பார்கள் சிலர். காலிச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத தொடரை, குவோட்மெட்டாவுக்குள் போட்டாலும் காலிச் சரம்தான் வெளியே வரும். பெர்லில் சரியான காப்பு (?:$தேடல்) என்று எழுதுவது. மாறி காலியாக இருந்தாலும் வடிவம் காலியாக இராது. கடந்தகாலத்தைத் தேடிப் போகாது. 2023இல் வந்த பெர்ல் 5.38, கடைசியாக வென்ற வடிவத்தைத் தனி மாறியாகவே தருகிறது. பழைய வடிவம் உண்மையிலேயே வேண்டும் என்கிறவர் அதைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். மறைமுகமாகக் கேட்க இனி காரணமே இல்லை என்பது என் கருத்து.

அடுத்தது எல்லாவற்றோடும் பொருந்தும் வழக்கம். பைத்தான், ரூபி, லுவா, குனு ஆக் எல்லாம் இந்தப் பக்கம். ஜாவாஸ்கிரிப்டும் இதே பக்கம்தான். ஆனால் அங்கே // என்பது குறிப்புரையின் தொடக்கம் என்பதால் காலி வடிவத்தை அப்படி எழுதவே முடியாது. காலிச் சரத்திலிருந்து ரெகெக்ஸ் உருவாக்கி அதன் மூலத்தைக் கேட்டால் (?:) என்று காட்டும். தர்க்கப்படி இந்த வழக்கமே நேர்மையானது: காலிச் சரம் எந்தச் சரத்திலும் எந்த இடத்திலும் இருக்கிறது. தேடிப் பார்க்கும் திரையில் மனிதர் எதிர்பார்ப்பதும் இதையே. ஊர் போடவில்லை என்றால் எல்லா ஊரும்.

சிக்கல் எங்கே என்றால், பொருந்துமா பொருந்தாதா என்பதோடு நிற்காமல் எத்தனை இடத்தில் என்று கேட்கும்போது. சரத்தின் நீளத்தைவிட ஓர் இடம் கூடுதலாகப் பொருந்தும். நெல் என்ற சொல்லில் கண்ணுக்கு எழுத்து இரண்டு; யூனிகோடில் குறியீடு நான்கு: ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி. பைத்தானில் காலி வடிவத்தை ஒரு கோடாக மாற்றச் சொன்னால் ஐந்து கோடுகள் விழும்: -ந-ெ-ல-்-. கொம்பு தனியாக, புள்ளி தனியாக. ஆங்கிலச் சொல்லில் இதே தவறு நடந்தால் எழுத்துகளுக்கு நடுவே கோடு விழும், வாசித்துவிடலாம். தமிழில் எழுத்தே உடைந்துபோகிறது.

காலி வடிவத்தை வைத்துச் சொல்லைப் பிரிக்கும் பழக்கம் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர் ஐந்து எழுத்து. பெர்லிலோ ரூபியிலோ காலி வடிவத்தால் பிரித்தால் ஒன்பது துண்டு வரும். பிரிக்கும் கட்டளையில் மட்டும் பெர்ல் பழைய வடிவத்தைத் தேடிப் போகாமல் உண்மையான காலியாகவே எடுத்துக்கொள்கிறது, அதுவரை நல்லது. பைத்தானின் ரெகெக்ஸ் தொகுதியில் 3.7க்கு முன் இப்படிப் பிரிக்கவே முடியாது, 3.7 முதல் பிரிக்கும், ஆனால் இரு முனையிலும் ஒரு காலித் துண்டு சேர்ந்து பதினொன்று ஆகும். பெர்லில், யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8ஐக் குறிநீக்கம் செய்யாமல் வெறும் பைட்டுகளாகப் படித்திருந்தால் இருபத்தேழு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் அல்லவா. ஐந்து வேண்டும் என்றால் காலி வடிவத்தை விட்டுவிட்டு, பின்சாய்வுக் கோட்டோடு பெரிய எக்ஸ் எழுத்தைப் போட்டுத் தேட வேண்டும். பெர்லிலும் ரூபியிலும் அது ஒரு முழு எழுத்துக் கொத்தைப் பிடிக்கும். பைத்தானோடு வரும் தொகுதியில் அது இல்லை. தனியே நிறுவும் ரெகெக்ஸ் தொகுதியில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துக் கொத்தாகப் பிரிக்க இன்டில் செக்மென்டர் இருக்கிறது.

ஒன்றோடும் பொருந்தாது என்ற மூன்றாம் வழக்கத்தைத் தனி வடிவத்துக்கு யாரும் வைப்பதில்லை. வடிவங்களின் பட்டியல் காலியாக இருக்கும்போதுதான் அது அர்த்தமாகிறது. கிரெப்புக்குக் கோப்பிலிருந்து வடிவங்களைப் படிக்கச் சொல்லலாம். கோப்பு முற்றிலும் காலி என்றால் வடிவம் ஒன்றுமில்லை. எந்த வரியும் வராது. அதே கோப்பில் ஒரே ஒரு வெற்று வரி இருந்தால் அது ஒரு காலி வடிவம். எல்லா வரியும் வரும். நிலுவை உள்ள ஊர்களின் பட்டியல் என்று வலங்கைமான், கோட்டூர், வடுவூர் என்று எழுதி, கடைசியில் ஒரு எண்டர் கூடுதலாகத் தட்டி ஒரு வெற்று வரி விழுந்துவிட்டால், நிலுவை இல்லாத ஊர்களும் நிலுவைப் பட்டியலில் ஏறிவிடும். நிலுவை வசூல் என்று ஆள் அனுப்பினால் கதை கந்தல்தான்.

நிரலுக்குள்ளேயே பட்டியலைச் சேர்க்கும்போது இன்னும் வேடிக்கை. ஊர்களை நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் | போட்டு இணைத்து ஒரே வடிவமாக்குவது எல்லோரும் செய்வது. பட்டியல் காலி என்றால், ரூபியில் இதற்கென்றே உள்ள இணைக்கும் வசதி (?!) என்ற, எதோடும் பொருந்தாத வடிவத்தைத் தருகிறது. யோசித்துச் செய்திருக்கிறார்கள். பைத்தானில் நாமே இணைத்தால் காலிச் சரம் கிடைக்கும், எல்லாம் பொருந்தும். பெர்லில் நாமே இணைத்தாலும் காலிச் சரம். கடைசியாக எது வென்றதோ அது. ஒரே வேலை, ஒரே காலிப் பட்டியல், மூன்று விடை. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நிரலை மாற்றி எழுதுகிறவர்கள் வரிக்கு வரி பெயர்த்தால் இந்த இடத்தில் கண்டிப்பாகச் சறுக்குவார்கள்.

நான்காவது, பிழை காட்டி நிறுத்துவது. ராக்கு மொழியில் வடிவத்தைக் காலியாக எழுதினால் தொகுக்கும்போதே மறுத்துவிடும். பைத்தானில் ரெகெக்ஸ் இல்லாத சாதாரணப் பிரிக்கும் கட்டளைக்குக் காலிப் பிரிப்பானைக் கொடுத்தால் பிழை எழுப்பும். பிஎச்பியும் காலி ரெகெக்ஸுக்கு எச்சரிக்கை தரும் என்று சொல்வார்கள். தரும், ஆனால் எல்லைக்கோடுகளும் சேர்ந்து ஒன்றுமே இல்லாதபோதுதான். நாமோ பயனர் தட்டியதன் இரு பக்கமும் சாய்வுக்கோடு ஒட்டி அனுப்புகிறோம். அப்போது அது // ஆகி, சட்டப்படி செல்லுபடியாகி, எல்லாவற்றோடும் பொருந்திவிடும். காவல் இருப்பதாக நினைத்துத் தூங்க வேண்டாம்.

எது வேண்டும் என்று பயன்படுத்துபவர்களிடம் கேட்டால் தெளிவு வரும் என்று நினைத்தேன். ஒரு விதைக்கடையில் கேட்டபோது உரிமையாளர், “ஊர் போடாவிட்டால் எல்லா ஊரும் வரட்டும் தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்றார். பக்கத்து மேசையில் இருந்த கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, “அச்சடிக்கும்போதும் அப்படியே வந்தால் காகிதம் யார் வாங்கித் தருவது அண்ணே?” என்றார். இருவரும் சொன்னது சரி. ஒருவர் பார்க்கிறார், மற்றவர் செய்கிறார். காலி வடிவத்துக்கு ஒரே விடை தேடுவதுதான் நம் குழப்பத்தின் வேர் என்று எனக்கு அங்கேதான் தெளிந்தது.

ஆகவே நான் தேர்வது மொழியை அல்ல, வேலையை ஒட்டிய நடத்தையை. திரையில் வடிகட்டிப் பார்க்கும் இடத்தில் காலி என்றால் எல்லாம். மேலே ‘வடிகட்டி இல்லை’ என்று ஒரு வரியும் பதிவுகளின் எண்ணிக்கையும் காட்டினால் போதும். அச்சடிக்கும் இடத்தில் ஒரு முறை கேட்டுவிட்டு நடத்த வேண்டும். மாற்றுவது, நீக்குவது, குறுஞ்செய்தி அனுப்புவது எல்லாவற்றிலும் காலி வந்தால் பிழை, மறுபேச்சு இல்லை. பட்டியலிலிருந்து வடிவம் உருவாக்கும் இடத்தில் வெற்று வரிகளைக் களைந்துவிட்டு, மிச்சம் ஒன்றுமில்லை என்றால் எதோடும் பொருந்தாத (?!) வடிவம். பழைய வடிவத்தை மறுபடி எடுக்கும் வழக்கம் திருத்திக்குள் விரலோடு இருக்கட்டும். நிரலுக்குள் அதற்கு இடமில்லை.

இதைச் செய்ய எல்லாவற்றையும் பைத்தானுக்கு மாற்ற வேண்டும் என்று நம்மில் சிலர் துடிக்கிறார்கள். புதிதாகத் தொடங்குவதைப் பைத்தானில் தொடங்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. காலி மாறி வந்தாலும் நேற்றைய வடிவத்தைக் கிளறாது என்ற ஒரு காரணமே போதும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பெர்ல் நிரல்களைக் கலைக்கத் தேவையில்லை. பயனரிடமிருந்து வரும் எந்தச் சரமும் ஒரே ஒரு செயல்கூறு வழியாகத்தான் வடிவமாக மாற வேண்டும் என்று வைத்து, இந்த நடத்தைகளில் எது வேண்டும் என்பதை அந்தச் செயல்கூற்றிடம் சொல்லியே அழைத்தால் போதும். நிரலில் சாய்வுக்கோட்டை ஒட்டி மாறி தனியாக நிற்கும் இடங்களைத் தேடி எடுப்பது ஒரு மாலை வேலை.

அந்தச் செயல்கூறு நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாறும். வெறும் இடைவெளி தட்டியிருப்பார்கள். ஓரங்களைக் கத்தரித்த பிறகே நீளம் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும் தமிழில் அகலமில்லாத இடைவெளிக் குறி சில நேரம் சேர்ந்தே வரும். பைத்தானின் ஓரம் கத்தரிக்கும் கட்டளை அதை இடைவெளியாகக் கருதாது, தனியாகக் களைய வேண்டும். குறுவை|சம்பா| என்று கடைசியில் ஒரு கோடு மிஞ்சினால், மூன்றாவது தேர்வு காலி. வடிவம் நீளமாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றோடும் பொருந்தும். [0-9]* என்பதும் அப்படியே, எண் இல்லாத இடத்திலும் பொருந்தும். இவற்றைப் பிடிக்க எளிய வழி, நீக்கும் வேலைக்கு வந்த வடிவத்தை முதலில் ஒரு காலிச் சரத்தோடு பொருத்திப் பார்ப்பது. பொருந்தினால் மறுத்துவிடலாம். சொல் எல்லையைக் குறிக்கும் குறி போன்றவை இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால், மாற்றும்போது பொருந்திய துண்டின் நீளம் பூஜ்யமா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

மீதி இருப்பது ஒரே ஒரு வகைப் பயனர். ஊர் எழுதாமல் விட்ட பதிவுகளைக் கண்டுபிடித்து நிரப்ப வேண்டும் என்பதற்காகவே ஊர்ப் பெட்டியைக் காலியாக விட்டுத் தேடுபவர். ஐந்தாவது அர்த்தம் இது, எந்த மொழியும் இதை ஊகிக்காது. அவருக்கு வேண்டிய வடிவம், வெறுமையான புலத்தோடு மட்டும் பொருந்தும் ^$. அதை அவரே தட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பெட்டிக்குப் பக்கத்தில் ‘ஊர் இல்லாதவை’ என்று ஒரு தேர்வுக் கட்டம் வைத்துவிட்டேன். கணக்குப்பிள்ளை அதிகம் அழுத்துவது இப்போது அதைத்தான்.